கதவு தட்டும் ஓசை



திறனாய்வு நாடகச் சுவையைக் கெடுக்கும் என்பார் நம்மிடையே உளர். அவர்கட்கு ஒரு சான்று காட்ட விழைகிறேன்.

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தில், உறங்கும் மன்னன் டங்கன் கொல்லப்பட்டதும் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. வாயிற்காவலன் குடிமயக்கத்தில் உளறிக்கொண்டு வருகிறான். நகைப்புக்காக ஒட்டப்பெற்ற காட்சி எனக் கடந்துவிடுவோர் பலர். கோல்ரிட்ஜே அப்பேச்சில் பெரும்பகுதி ஷேக்ஸ்பியருடையதன்று என ஒதுக்கினார்; பெரும்புலவர்க்கும் செவி சில வேளை அடைபடும் போலும்!

தட்டும் ஓசை தம் நெஞ்சை ஏன் உலுக்குகிறது என்று 1823-இல் ஆராய்ந்தவர் தாமஸ் டி குவின்ஸி. கொலை நிகழ்கையில் மனித உலகம் விலகிக் காலம் நின்றுவிடுகிறது. அவ்வோசையோடு வாழ்வு மீள்கிறது. மீளும்போதுதான் அது நின்றிருந்தமை நமக்கு உறைக்கிறது என்றார். காவலன் பேச்சை அவர் ஆராயவில்லை. ஆயினும், அவரைக் கற்றபின் அதனை வெறும் நகைச்சுவையாகப் படிக்க இயலவில்லை. தன்னை நரகவாயில் காப்போனாக அவன் கற்பனை செய்கிறான்; உள்ளே நடந்ததை அவன் அறியான், நாம் அறிவோம்.