ரஜூலாவின் உடன்பிறந்தாள்



ரஜூலா என்னும் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம்மவரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல் அது. ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற உரிமம் பெற்றிருந்தது என்றால், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர் பாட்டைச் சொல்ல வேண்டுமா? ஆயினும் இன்று யான் பேச வந்தது அதன் உடன்பிறந்தாளாகிய ரோனாவைப் பற்றி.

பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக இரண்டும் 1926-இல் கட்டப்பட்டன. ஒரே தடத்தில் ஓடின. இரண்டாம் உலகப்போரில் இரண்டும் படைவீரரை ஏற்றும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. ரஜூலா மீண்டு வந்து 1973 வரை நம்மவரைச் சுமந்தது. ரோனா மீளவில்லை.

1943 நவம்பர் 26. ஏறத்தாழ 2,000 அமெரிக்க வீரரோடு, ஓரான் துறைமுகத்தினின்றும் புறப்பட்டு, கப்பற்கூட்டத்துடன் அல்ஜீரியக் கரையோரமாக ரோனா கிழக்கே சென்றுகொண்டிருந்தது. அவ்வீரர்கள் வந்து சேரவேண்டிய இடம் நம் இந்தியாவே. மாலையில் ஜெர்மன் விமானமொன்று எறிந்த குண்டு, விமானத்திலிருந்தே ரேடியோவினால் செலுத்தப்பட்டு, இயந்திர அறைப் பகுதியில் பாய்ந்தது. கப்பல் மூழ்கிற்று. பயனியர் என்னும் கண்ணிவாரிக் கப்பல் 606 பேரை மீட்டது. மாண்ட அமெரிக்க வீரர் 1,015 பேர். போர்க்காலத்தில் இச்செய்தி மறைக்கப்பட்டது. அலபாமா மாநிலத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 1996-இல்தான்.

உயிர் தப்பிய அமெரிக்கருள் சிலர், இந்திய மாலுமிகள் தம்மை விட்டுவிட்டுப் படகேறித் தப்பினர் என்று பழி கூறினர். அவரவர் கண்ட காட்சியை யான் மறுக்கவில்லை. ஆனால் யான் ரெயில்வேயில் கணக்கு எழுதிப் பழகியவன், கணக்கைப் பார்ப்போம். மாலுமிகள் 195 பேர். அவருள் பெரும்பாலோர் இந்தியர். மாண்டவர் 117 பேர். அதாவது, வீரருள் இறந்தவர் பாதிப்பேர். மாலுமிகளுள் இறந்தவரோ பத்துக்கு ஆறு பேர். கும்பலாக ஓடித் தப்பியவர் கணக்கு இப்படியா இருக்கும்? குண்டு பாய்ந்ததோ இயந்திர அறையில். அங்கே உழைத்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

கடலிலேயே மறைந்த இந்திய மாலுமிகளுக்குச் சமாதி ஏது? அப்போரில் அங்ஙனம் மறைந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களை ஏட்டில் எழுதி, மும்பை மாலுமிகள் இல்லத்தில் ஒரு பிரதியும் சிட்டகாங்கில் மற்றொன்றும் வைத்துள்ளனர். மும்பை செல்லும் அன்பர்கள் மஸ்ஜித் ரெயில் நிலையத்தில் இறங்கினால், அவ்வில்லம் அருகிலேயே இருக்கிறது.