தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைக்கும்
(நூற்றாண்டு நன்றி ஆராதனையில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



காலைக் கூட்டத்தில் கர்த்தருடைய ஜெபத்தைச் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளுமாக நாங்கள் சேர்ந்தே சொன்னோம். கடவுளைப் பிதா என்று அழைக்கும் ஜெபம் அது. மலையகத்தில் அந்தச் சொல் எவ்வளவு பாரமானது என்பது வளர்ந்த பிறகே எங்களுக்கு விளங்கியது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரிடம் தகப்பனைத்தான் கேட்டது. உன் தகப்பன் இங்கே பிறந்தவனா? இல்லையென்றால் அவனுடைய தகப்பனும் பாட்டனும் பிறந்திருக்க வேண்டும். முறைப்படி மணமான பெற்றோருக்குப் பிறந்தவரிடம் தாயைப் பற்றிக் கேள்வியே இல்லை. லயக் காம்பிராவில் பிறந்தவர்களிடம் இதற்கெல்லாம் பத்திரம் ஏது? 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டந்தான் வழி திறந்தது.

எங்களில் வைத்தியராகவும் தாதியராகவும் இருப்பவர்களுக்கு வேறொரு தகப்பனையும் தெரியும். சம்பள நாள் இரவில் அடிபட்டு வரும் தாய், அவள் சேலையைப் பிடித்தபடி நிற்கும் பெண்பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகளும் வருகிறார்கள். 'கடவுள் உன் அப்பா மாதிரி' என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவே கூடாது என்பது எங்கள் எண்ணம். (அரைவயிறு சாப்பிட்டு எங்களை இந்தப் பாடசாலைக்கு அனுப்பியவர்களும் தகப்பன்மாரே. அதையும் சொல்ல வேண்டும்.) இயேசு தம் பிதாவை எந்த வீட்டுத் தகப்பனையும் பார்த்து வரையவில்லை.

கெட்ட குமாரன் கதை எல்லோருக்கும் தெரியும். சொத்தை அழித்தவன் வீடு திரும்பும்போது ஒரு பேச்சைத் தயார்செய்கிறான்: மகனாயிருக்க எனக்குத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. தகப்பன் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். மகன் பேச்சைத் தொடங்குகிறான். கூலி என்ற பகுதி வருமுன்பே தகப்பன் உடுப்பும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்! எங்கள் ஆட்களுக்கே கூலி என்பது பேராக ஒட்டியிருந்த மலை இது. 1854இல் தோட்டங்களில் ஊழியம் தொடங்கிய மிஷனின் பெயரே தமிழ்க் கூலி மிஷன். அந்த மிஷன் இந்தக் கதையைச் சொன்னபோது, தகப்பன் சொல்லவிடாத அந்தச் சொல்லைக் கேட்டிருந்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

மூத்தவன் வெளியே நிற்கிறான். இத்தனை வருடம் உழைத்தேனே என்று கணக்குச் சொல்கிறான். அவனுக்கு வீடும் பேர் போடும் இடந்தான்: கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். படித்து, உழைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, தகுதியைக் காட்டிக்கொண்டே இருக்கும் நாங்கள் பெரும்பாலும் அவன் கட்சி. அவனை அழைக்கவும் அதே தகப்பன் வெளியே வருகிறார்.

ஞாயிறு பாடசாலை நடத்தும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். அப்பா இல்லாத பிள்ளைக்கும் அப்பாவுக்குப் பயந்த பிள்ளைக்கும் முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஜெபத்தைப் பிறகு பாடமாக்கலாம்.