'டு'வும் 'பை'யும்
(நமது சங்கத்தின் மும்பைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிற்சாலையில் 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 3 வருஷமாக ஞாயிறுதோறும், இங்கே தமிழ் வழியில் படிக்கும் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர விரும்பும் பிள்ளைகள். ஆகவே இலக்கிய ஆங்கிலம் அல்ல. பொறியியல் பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வதற்கான ஆங்கிலம்.

ஆரம்பத்தில் நான் செய்தது தவறு. 200 கலைச்சொற்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். நன்றாகவே ஒப்பித்தார்கள். ஒரு நாள் கரும்பலகையில் ஆங்கிலத்தில் ஒரு கணக்கு எழுதினேன். தொட்டியில் அழுத்தம் 10 பார். அது 'ரெட்யூஸ்டு பை 2 பார்' என்றால் இப்போது எவ்வளவு? கணக்கில் எப்போதும் முதலாவதாக வரும் பெண், "2" என்றாள். "10-லிருந்து 2 குறைந்தால்?" என்று தமிழில் கேட்டேன். உடனே "8" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்குக் கணக்கு வரலையா, இங்கிலீஷ் வரலையா, சார்?" என்று கேட்டாள்.

'ரெட்யூஸ்டு' அவளுக்குத் தெரியும். 'டு' என்றால் 2 ஆகக் குறைந்தது, 'பை' என்றால் 2 அளவு குறைந்தது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, நானும்தான். பட்டியலை அன்றோடு நிறுத்தினேன்.

இப்போது மூன்று விஷயங்களைக் கற்றுத் தருகிறேன்.

முதலாவது, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். குடத்தைத் தூக்கி அசையாமல் அரை மணி நின்றால் கை வலிக்கும். ஆனால் குடத்தின் மேல் செய்த 'வொர்க்' பூஜ்யம். 'ஸ்ட்ரெஸ்' மன உளைச்சல் அல்ல, ஓரலகு பரப்பின் மேலுள்ள விசை. 'மொமெண்ட்' கண நேரம் அல்ல, திருப்புத்திறன்.

இரண்டாவது, சின்னச் சொற்கள். 'நாட் லெஸ் தன் 20' என்றால் 20-ம் சரி. 'மோர் தன் 20' என்றால் 20 போதாது. தர நிர்ணய ஆவணங்களில் 'ஷல்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை.

மூன்றாவது, பார்த்ததைச் சொல்வது. வீட்டுக் குக்கரை எடுத்துப் போவேன். வெயிட் ஏன் எழும்புகிறது, நீராவி எப்போது வெளியேறுகிறது என்று முதலில் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு 'இஃப்', 'அன்டில்' சேர்த்து ஆங்கிலத்தில்.

"தாய்மொழியிலேயே பொறியியல் படிக்கலாமே?" என்று கேட்பீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே தமிழ் வழியில் சிவில், மெக்கானிகல் வகுப்புகளைத் தொடங்கியது, நல்ல விஷயம். ஆனால் வேலைக்குப் போனால் இயந்திரத்தோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. புரிந்துகொள்ளத் தமிழ், கையேட்டைப் படிக்க ஆங்கிலம், இரண்டும் வேண்டும்.

அந்தப் பெண் இப்போது டிப்ளமா முதல் வருஷம். போன மாதம் போனில், "பாடம் புரியுது சார், எழுந்து சந்தேகம் கேட்கத்தான் பயமா இருக்கு" என்றாள். பேசப் பழக்காமல் விட்டது என் குறை. இந்த வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியாவது ஆங்கிலத்தில் கேட்டாக வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

நம்மவர்களில் ஓய்வு பெற்ற இன்ஜினீயர்கள் இல்லாத ஊர் இல்லை. ஆங்கிலப் பண்டிதராக இருக்க வேண்டாம். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஒரு குக்கர் போதும்.