அந்த ஒரு சீட்டு

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

உங்களில் பலர் இனி ஆலைகளுக்குள் நுழைந்து, அங்கே உழைப்பவர்களின் உடல்நலத்துக்கும் உயிருக்கும் காவலான பாதுகாப்பு முறைகளை வடிவமைக்கப் போகிறீர்கள். அதற்கு முன் இரண்டு சீட்டுகளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, வடகடலில் நின்ற எண்ணெய் மேடை பைப்பர் ஆல்ஃபா. அங்கே எரிவாயுவிலிருந்து பிரியும் திரவத்தைக் கரைக்கு அனுப்ப 'ஏ', 'பி' என்று இரண்டு பம்புகள். அன்று பகலில் 'ஏ' பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, திறந்த குழாய் வாயை ஒரு தகட்டால் மூடினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. வால்வு வேலைக்கு ஒரு பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு. அதே பம்பின் பராமரிப்புக்கு இன்னொரு பெர்மிட். ஒன்றைப் பார்ப்பவருக்கு மற்றது இருப்பது தெரிய வழியில்லை.

இரவு பத்து மணிக்குச் சற்று முன் 'பி' பம்பு நின்றுபோனது. இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்களுக்குப் பராமரிப்புச் சீட்டு மட்டுமே தெரியும். அந்த வேலை தொடங்கவே இல்லை. ஆகவே 'ஏ' பம்பை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வு கழற்றப்பட்ட செய்தி ஷிஃப்டு மாறும்போது அவர்கள் காதுக்கு வரவில்லை. தகட்டின் இடுக்கில் கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் மாண்டார்கள்.

அங்கே பெர்மிட் முறை இருந்தது. படிவமும் கையெழுத்தும் இருந்தன. பகலில் வேலை செய்தவர் அறிந்தது இரவில் வந்தவரைச் சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போயின. விசாரித்த கல்லன் பிரபு 1990-இல் 106 பரிந்துரைகள் தந்தார். தன் மேடையில் என்னென்ன ஆபத்து உண்டு, அவற்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்பதை நிறுவனமே ஆராய்ந்து நிரூபிக்க வேண்டும் என்பது அவற்றில் தலையாயது.

பாதுகாப்பு ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது என்பதை நம் போபாலும் சொல்கிறது. 1984 டிசம்பரில் அங்கே ஆலையிலிருந்து விஷவாயு வெளியேறிய இரவில், தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. அதன் பிறகு, 1987-இல், தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வந்தது. ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது.

ஆகவே, படிவம் தயாரிக்க உட்காரும் முன் ஷிஃப்டு மாறும் நேரத்தில் போய் நில்லுங்கள். யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், எது சொல்லாமல் விடுபடுகிறது என்று கவனியுங்கள். இயந்திரத்தில் கை வைப்பவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி என்றால், அறிவிப்பு அவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். தலைக்கவசமும் கையுறையும் கடைசி அரண். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சொல்ல வருபவரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். 'இந்த மாதம் ஒரு சம்பவமும் இல்லை' என்று அறிக்கை வந்தால், மகிழும் முன் ஆலைக்குள் ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

அன்பு மாணவர்களே, ஒருநாள் நள்ளிரவில், உங்களை நேரில் பார்த்தே இராத ஒருவர், நீங்கள் கையெழுத்திட்ட சீட்டை நம்பி ஒரு பம்பை இயக்குவார். அவர் அறிய வேண்டியது அவரைச் சேர்ந்ததா என்று உறுதி செய்துவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். அவர் காலையில் வீடு திரும்ப வேண்டும்.