மருந்து தேடிப் போன பக்தி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



புற்றுநோய் வந்த ஒரு குடும்பம் எப்படித் தாங்கி நின்றது என்று பேசச் சொன்னார்கள். குழுவில் வரவு செலவு வாசித்துத்தான் எனக்குப் பழக்கம், மைக் பிடித்துப் பழக்கமில்லை. அதனால் கணக்கு வாசிக்கிற மாதிரியே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர் மேலூருக்கு வடக்கே இருக்கு. எங்கள் வீட்டை இன்னைக்கும் ஊரில் "வேட்டைக்காரர் வீடு" என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் வாலிப வயதில் வேட்டைக்குப் போனவர். வலையும் கம்பும் நாயுமாகக் கிளம்பினால் முயல், காடை, கவுதாரி இல்லாமல் திரும்ப மாட்டார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. நம்ம ஊர்ப் பக்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ள ரொம்ப நாளாச்சு. வனத்துறை வழக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, ஆடு மேய்க்கப் போனார். வேட்டை போச்சு. ஆனால் ராத்திரிக் காட்டில் தூக்கம் வராமல் இருக்க வாயில் அடக்கிய புகையிலையும் பாக்கும் மட்டும் போகவில்லை. முப்பது வருடம் இடது கன்னத்தில் அதே இடத்தில் அடக்கி வைத்தார்.

2022-ல் அந்த இடத்தில் ஒரு புண் வந்தது. மண்ணில் ஒரு முயல் தடத்தைப் பார்த்தால், அது எப்போ போச்சு, எந்தப் பக்கம் போச்சு என்று சொல்கிற மனுஷன், தன் வாய்க்குள்ளே இருந்த தடத்தை நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லையாம். புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் அதன் தந்திரம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? நம்ம குழுக் கூட்டத்தால்தான். ஒரு மாதக் கூட்டத்துக்கு கிராம சுகாதார செவிலியர் வந்து பேசினார். இரண்டு மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போவது, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் உடனே காட்டணும் என்றார். அந்த வாரம் வீட்டில் காரக்குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டு மோர் கேட்டார் என் வீட்டுக்காரர். "ஏங்க, வாயைத் திறங்க பார்ப்போம்" என்றேன். இரண்டு விரல் போகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது.

மதுரை அரசு ராசாசி மருத்துவமனைக்குப் போனோம். புண்ணிலிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்கணும் என்றார்கள். "கத்தி பட்டால் நோய் பரவிடும்" என்று ஊரில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை சகோதரிகளே. சதைப் பரிசோதனை இல்லாமல் எந்த நோய், எந்த மருந்து என்று சொல்லவே முடியாது. பத்து நாளில் முடிவு வந்தது. கன்னத்துப் புற்று.

அன்னைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஆளுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தார்கள். என் நாத்தனார் குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டார். நம்ம குழுவின் பாத்திமா அக்கா என்று நான் கூப்பிடும் தோழி, கோரிப்பாளையம் தர்காவுக்குப் போய் துவா செய்தார். இன்னொரு தோழி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். என் வீட்டுக்காரர் அழகர்கோயிலுக்குப் போய், பதினெட்டாம்படிக் கருப்பசாமி கதவுக்கு முன்னால் நின்று, "இனிப் புகையிலையைத் தொட மாட்டேன்" என்று சத்தியம் பண்ணினார். கருப்பன் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண நம்ம பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. முப்பது வருடப் பழக்கம் அந்த வாசலோடு நின்றது.

அறுவை சிகிச்சையில் கன்னத்தின் உள்பக்கத்தையும் கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். வடிகட்டிய கஞ்சி, பால், அடித்துக் கலக்கிய முட்டை என்று மணிக்கணக்குப் பார்த்துக் குழாயில் ஊற்றுவோம். காயம் ஆறின பிறகு பாலரெங்காபுரம் அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சு. நம்ம ஊர் வார்த்தையில் "கரன்ட்" வைக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் முப்பது முறை. ஒரு முறைக்குச் சில நிமிஷம்தான், அந்த நேரத்தில் வலி கிடையாது. ஆனால் நாள் போகப் போக வாயெல்லாம் வெந்துபோகும். எச்சில் வற்றும், ருசி தெரியாது, கழுத்துத் தோல் கறுத்துப்போகும்.

பதினெட்டாவது நாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. "போதும்த்தா, விட்டுரு" என்று கையால் சைகை காட்டினார். நாத்தனாரும் அழுதுகொண்டே, "கிடா நேர்ந்தாச்சு, சாமி பார்த்துக்கும், கரன்ட் வைக்கிறதை நிறுத்திடுவோம்" என்றார். அவர்மேல் தப்பு இல்லை. உடன்பிறந்தவன் துடிப்பதைப் பார்க்க முடியாத பாசம் அது.

அப்போ நான் கண்ணப்பர் கதையைச் சொன்னேன். பெரியபுராணத்துக் கண்ணப்பரும் வேட்டைக்காரர்தானே. சாமி கண்ணில் ரத்தம் வந்ததும் தன் கண்ணைப் பிடுங்கி அப்பினார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். நடுவில் ஒன்று நடந்ததை விட்டுவிடுவோம். ரத்தத்தைப் பார்த்ததும் திண்ணன் முதலில் என்ன செய்தான்? சாமி கண்ணிலேயே ரத்தம், சாமியே பார்த்துக்கும் என்று கைகூப்பி உட்காரவில்லை. மலைக்கு ஓடினான். பச்சிலை தேடிப் பறித்து வந்து பிழிந்தான். அது கேட்காமல் போன பிறகுதான் கண்ணைக் கொடுத்தான். சாமிக்கே மருந்து தேடி ஓடினது வேடனுடைய பக்தி. நம்ம வீட்டு வேடனுக்கு மருந்து பாலரெங்காபுரத்தில் இருக்கு, அதைப் பாதியில் விடுவது பக்தி ஆகாது என்றேன்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நாளைக்கு நானும் கூட வர்றேன்" என்றார். மீதிப் பன்னிரண்டு நாளும் அவர்தான் தம்பி கையைப் பிடித்துக் கூட்டிப் போனார், திருநீற்றுப் பையையும் மருத்துவமனைச் சீட்டையும் ஒரே மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு. கதிர்வீச்சில் நாளைத் தவறவிட்டால் பலன் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பதும் முடித்தோம்.

இதில் குடும்பம் என்று நான் சொல்வது எங்கள் வீட்டுக்குள் இருந்தவர்களை மட்டும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்ததால் சிகிச்சைச் செலவு எங்கள் தலையில் விழவில்லை. வருடத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் அந்த அட்டை தாங்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. ஆனாலும் கூலி போச்சு, அவருக்குச் சத்தான சாப்பாடு, அவசரத்துக்கு ஆட்டோ, இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. இந்த நேரத்தில்தான் மீட்டர் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான். எங்கள் குழு அவசரக் கூட்டம் போட்டு முப்பதாயிரம் கடன் கொடுத்தது. ஆறு மாதம் அசல் கேட்கவில்லை. ஆடுகளை முறை வைத்து மேய்த்தார்கள். அந்த முப்பதாயிரத்தையும் வட்டியோடு கட்டி முடித்துவிட்டேன், பதிவேட்டில் இருக்கு, பார்த்துக்கொள்ளலாம்.

இப்போ அவர் நல்லா இருக்கிறார். வாய் இறுகாமல் இருக்க, ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துத் தினமும் பயிற்சி செய்கிறார். சோற்றுக்கு மோரோ ரசமோ நிறைய வேண்டும். முழுசாகக் குணமாச்சு என்று நான் மேடையில் சொல்ல மாட்டேன். ஐந்து வருடமாவது விடாமல் பரிசோதனைக்குப் போகணும். போய்க்கொண்டிருக்கிறோம். பரிசோதனை நல்லபடி வந்த பிறகு குலசாமிக்குக் கிடாயும் வெட்டினோம்.

சகோதரிகளே, என் வீட்டுக்காரருக்காக நாத்தனார் வந்தார், மகன் வந்தான், குழு வந்தது, சாமியும் வந்தது என்றே நான் நம்புகிறேன். இதே நோய் எனக்கு வந்திருந்தால்? நான் சொல்லியிருப்பேனா? இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் மார்பில் ஒரு கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அறுப்பு முடியட்டும்", "மகள் பிரசவம் முடியட்டும்" என்று தள்ளிப் போட்டிருக்கிறோம்? தீட்டு நின்ற பிறகு ரத்தம் படுவதையும், வீட்டுக்காரரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுவதையும், நாற்றத்தோடு வெள்ளை போவதையும் வெட்கப்பட்டு மறைக்கிறோம். ஆம்பளைக்கு நோய் வந்தால் வீடே எழுந்து நிற்குது. பொம்பளைக்கு வந்தால் அவளே எழுந்து நின்று சமைக்கிறாள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரை நாம் எல்லாரும் மகப்பேறு உதவித் திட்டத்தில் கேட்டிருக்கிறோம். நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். அவருடைய சொந்தத் தங்கை புற்றுநோயில் இறந்தார். முதலில் அது சீதபேதி என்று தவறாக நினைக்கப்பட்டது. வீட்டில் ஒரு டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் விடவில்லை. முப்பது வருடம் முயன்று, வீடு வீடாக, ஆள் ஆளாகப் பணம் திரட்டி, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அன்று அதில் பன்னிரண்டு படுக்கை. ஒரு அக்காவின் கண்ணீரில் எழுந்த கட்டடம் அது.

இன்னொன்று நம்ம பக்கத்திலேயே நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 30 வயதிலிருந்து 59 வயதுக்குள் இருந்த கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களே கர்ப்பப்பை வாயில் காடித் தண்ணீர், அதாவது நீர்த்த வினிகர் மாதிரியானதைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறு இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். 2007-ல் முடிவு வெளியானது. பரிசோதனைக்குக் கூப்பிடப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் இறந்தவர்கள், மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. பெரிய இயந்திரம் இல்லை, பெரிய செலவு இல்லை. நம்மை மாதிரி வயலுக்கும் கூலிக்கும் போகிற பெண்கள் தைரியமாக வந்து படுத்ததால் உலகத்துக்கே கிடைத்த பாடம் அது. இன்று 30 வயது தாண்டிய பெண்களுக்கு அந்தச் சோதனையும் மார்பகச் சோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சில நிமிஷ வேலை.

அதனால் கூட்டமைப்புக்கு முன்னால் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு குழுவும் 30 வயது தாண்டிய உறுப்பினர்களைச் சேர்த்து, வருகிற மூன்று மாதத்துக்குள் ஒரே நாளில் ஒன்றாகச் சுகாதார நிலையத்துக்குப் போகணும். தனியாகப் போனால் வெட்கம், பத்துப் பேராகப் போனால் அது குழு வேலை. இரண்டு, சிகிச்சை நடக்கும் வீட்டுக்கு அசல் கேட்காத அவசரக் கடனை எல்லாக் குழுவும் தீர்மானமாகப் போடணும். காப்பீட்டு அட்டை இல்லாத உறுப்பினர் யார் என்று இந்த மாதமே கணக்கெடுக்கணும். மூன்று, சிகிச்சையை யாராவது பாதியில் விட்டால், இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போகணும். புத்தி சொல்வதற்கு இல்லை, மறுநாள் கூடப் போவதற்கு.

கும்பிடுகிற சாமியை விடச் சொல்லி நான் பேசவில்லை. கருப்பசாமியைக் கும்பிடுங்கள், துவா கேளுங்கள், ஜெபம் பண்ணுங்கள். கும்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் மருத்துவமனைச் சீட்டை எடுங்கள். வெந்த வாயோடு ஒரு மனுஷன் முப்பது நாளும் போய் வர, சாமி கொடுத்த தைரியமும் வேண்டும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆளாக நாம் இருப்போம். நமக்கு வேண்டியபோது அந்த ஆளைக் கூப்பிடவும் வெட்கப்படாமல் இருப்போம்.