43 பேர்ல ஒருத்தர்: சரத்பாபு நின்ன எலக்ஷன்

திருவண்ணாமலையில இருந்து பேசறேன், பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நண்பர் கேட்டார்: "கட்சியே வேணாம், சுயேச்சையா எம்.பி. எலக்ஷன்ல நின்னா என்ன ப்ரோ?" அதுக்கு நம்மகிட்ட ஒரு நிஜ கேஸ் இருக்கு.

இ. சரத்பாபு. மடிப்பாக்கத்துல குடிசைப் பகுதியில வளர்ந்தவர். அம்மா இட்லி வித்துப் படிக்க வச்சாங்க. பிட்ஸ் பிலானி, அப்புறம் ஐஐஎம் அகமதாபாத். கேம்பஸ் வேலையை வேணாம்னுட்டு 2006ல ஃபுட்கிங்னு கேட்டரிங் கம்பெனி ஆரம்பிச்சார். 2009 மக்களவைத் தேர்தல்ல தென்சென்னையில சுயேச்சையா நின்னார். டிவி, பேப்பர்னு முகம் நல்லாவே தெரிஞ்சிருந்தது.

கிடைச்சது 15 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. ஜெயிச்ச அதிமுக சி. ராஜேந்திரன் 3 லட்சத்தைத் தாண்டினார். செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கு இல்லன்னா டெபாசிட் போயிடும். போயிடுச்சு.

"நம்ம மக்களுக்கு நல்லவங்களைப் பிடிக்காது"ன்னு இதுக்கு ஒரு ரெடிமேட் விளக்கம் உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. மெஷினைப் பாருங்க. அந்தத் தொகுதியில மொத்தம் 43 வேட்பாளர்கள். ஒரு பேலட் யூனிட்ல 16 பேருக்குத்தான் இடம், ஆக மூணு யூனிட். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் மேல, சுயேச்சைகள் கடைசியில. வேட்பாளர் போட்டோ மெஷின்ல வந்ததே 2015லதான், அப்ப பேரும் சின்னமும் மட்டும். அந்தச் சின்னமும் மனு வாபஸ் முடிஞ்ச பிறகுதான் சுயேச்சைக்குக் கிடைக்கும். அதுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவுல சட்டம் உறுதி தர்றது 14 நாள். உதயசூரியனும் இரட்டை இலையும் எத்தனை வருஷமா சுவத்துல இருக்கு! எனக்கு ஆச்சரியமே, 15 ஆயிரம் பேர் மூணு யூனிட்ல தேடி அவர் பட்டனை அழுத்தினாங்களேங்கிறதுதான்.

நம்ம ஊர் இன்னும் கஷ்டம். திருவண்ணாமலை மக்களவைத் தொகுதின்னா டவுன் மட்டும் இல்ல. செங்கம், கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர், அந்தப் பக்கம் திருப்பத்தூர், ஜோலார்பேட்டை வரைக்கும் போகுது. "பௌர்ணமி கிரிவலத்துல நோட்டீஸ் குடுத்தா போதுமே"ன்னார் நண்பர். 14 கிலோமீட்டர் ரோட்ல லட்சக்கணக்கான பேர் வர்றாங்க, வாஸ்தவம்தான். ஆனா அதுல எத்தனையோ பேருக்கு ஓட்டு சென்னையில, பெங்களூர்ல, ஆந்திராவுல. நம்ம பாஷையில, டிராஃபிக் பிச்சுக்கும், சைன்-அப் வராது.

சரத்பாபு அதோட விடல. 2011ல வேளச்சேரி சட்டமன்றத் தொகுதியில மறுபடி சுயேச்சை, மறுபடி தோல்வி. 2021ல ஆலந்தூர்ல நின்னப்ப அவர் மக்கள் நீதி மய்யம் வேட்பாளர். அப்பவும் ஜெயிக்கல. ஆனா இந்தத் தடவை சின்னத்தை அவர் தனியா அறிமுகப்படுத்த வேண்டியிருக்கல. கமல் ஏற்கெனவே ஊர் ஊரா காட்டிட்டிருந்த டார்ச் லைட் அது.