வரிசையில் கட்டப்பட்ட உழைப்பு

(பெங்களூரில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் அமெரிக்காவில் ஓர் அண்ணனோ, அக்காவோ, உடன் படித்த நண்பரோ இருப்பார். அவர்களோடு பேசும்போது "தேதி நகர்ந்ததா?" என்று கேட்டிருப்பீர்கள். அது என்ன தேதி, ஏன் நகர மறுக்கிறது, நகராமல் இருப்பதால் ஆதாயம் அடைவது யார் என்ற மூன்று கேள்விகளை இன்று எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் வேலையின் அடிப்படையில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையை, அதாவது கிரீன் கார்டை, பெரும்பாலான தொழிலாளிகள் தாமாகக் கோர முடியாது. முதலாளிதான் கோர வேண்டும். இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளி கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று கேட்டு அவர் விண்ணப்பிக்கும் நாளே தொழிலாளியின் முன்னுரிமைத் தேதி. அதன்பின் குடியேற்றத் துறையிடம் இன்னொரு மனு. பிறகு காத்திருப்பு. மாதந்தோறும் அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு விசா அறிக்கையை வெளியிடுகிறது. அதில் அச்சாகும் தேதிக்கு முற்பட்ட முன்னுரிமைத் தேதி உடையவருக்கே விசா எண் கிட்டும்.

1990ஆம் ஆண்டுச் சட்டம் வேலை அடிப்படையிலான விசாக்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 என்று வரம்பு கட்டியது. தொழிலாளியின் துணைவரும் குழந்தைகளும் இந்தக் கணக்கிலேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது விதி. 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும், சுமார் 4 லட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு! பிற நாட்டினர் பயன்படுத்தாத இடங்கள் சில ஆண்டுகளில் இந்தியருக்கு வந்து சேர்வதுண்டு. ஆனால், வரிசையின் நீளத்துக்கு முன் அது சொற்பம்.

ஆனால் தோழர்களே, தற்காலிக வேலைக்கான எச்-1பி விசாவில் இப்படிப்பட்ட நாட்டு வரம்பு கிடையாது. அந்த விசா பெறுவோரில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள். உழைக்க அழைக்கும் வாசலில் பிறந்த நாட்டைப் பார்ப்பதில்லை. குடியிருக்கக் கேட்கும் வாசலில் மட்டும் பார்க்கிறார்கள். இந்த இரு வாசல்களுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் லட்சக்கணக்கானோர் நிற்கிறார்கள்.

2025 அக்டோபர் மாத அறிக்கையில், உயர் பட்டம் பெற்றோருக்கான இரண்டாம் பிரிவிலும் திறன்பெற்ற தொழிலாளருக்கான மூன்றாம் பிரிவிலும் இந்தியர்களுக்கான தேதி 2013ஆம் ஆண்டிலேயே நின்றது. வேலை அடிப்படையிலான வரிசையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் காத்திருப்பதாகவும், புதிதாகச் சேர்பவர் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க நேரும் என்றும் 2023இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. அதை வெளியிட்டது தடையற்ற சந்தையை ஆதரிக்கும் கேட்டோ நிறுவனம். எனவே இது இடதுசாரிகளின் மிகைக் கூற்று என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இதனால் ஆதாயம் யாருக்கு? எச்-1பி விசாவின் காலம் பொதுவாக ஆறு ஆண்டுகள். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் அதற்கு மேலும் நீட்டித்துக்கொள்ளலாம் என 2000ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. கருணைபோலத் தோன்றும் இந்த ஏற்பாடு, தற்காலிகத் தொழிலாளியை வாழ்நாள் முழுவதும் தற்காலிகமாகவே வைத்திருக்கவும் வழி செய்தது. மனு ஏற்கப்பட்ட பின் நிறுவனம் மாறினால் பழைய தேதி பொதுவாகக் கூடவே வரும். ஆனால் சான்று, மனு எல்லாவற்றையும் புதிய முதலாளி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை போனால், வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இந்த நிலையிலுள்ளவர் கூடுதல் நேர வேலையை மறுப்பாரா? குறைந்த ஊதியத்தை எதிர்த்துப் பேசுவாரா? சங்கத்தில் சேர்வாரா? மேலாளர் மிரட்டவே தேவையில்லை. மிரட்ட வேண்டியதை வரிசையே செய்துவிடுகிறது.

குழந்தைகளின் நிலை இன்னும் கொடிது. கைக்குழந்தையாக அங்கே சென்று, அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை, சட்டம் அனுமதிக்கும் சில கழிவுகளுக்குப் பின்னும் 21 வயதைக் கடந்துவிட்டால், பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து நீங்கிவிடுகிறது. தான் அறிந்த ஒரே ஊரில் தங்குவதற்கு அது தனியே விசா தேட வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும்.

மூலதனத்துக்கோ வேறு நியாயம். 8 லட்சம் டாலர் முதலிடுவோருக்கு அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனிப் பிரிவு உண்டு. 2025 செப்டம்பரில் டிரம்ப் அரசு, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. அதே நாளில், 10 லட்சம் டாலர் தருவோருக்குத் 'தங்க அட்டை'யை அறிவித்தது. உழைப்புக்குச் சுவர், பணத்துக்குக் கதவு!

இதற்கு எதிர்ப்பே எழவில்லையா? எழுந்தது. 2007 ஜூலையில் எல்லோரும் இறுதி விண்ணப்பம் தரலாம் என்று அறிவித்த அரசு, ஜூலை 2ஆம் தேதி திடீரென அதைத் திரும்பப் பெற்றது. பலர் மருத்துவப் பரிசோதனையும் முடித்துக் காத்திருந்தார்கள். அவர்கள் குடியேற்றத் துறை இயக்குநருக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை அனுப்பி அறவழியில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சான் ஹோசே நகரில் பேரணி நடத்தினார்கள். ஜூலை 17இல் அரசு பணிந்து, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை ஏற்றது. கிரீன் கார்டு உடனே வரவில்லை. ஆனால் அவ்விண்ணப்பம் 180 நாள் நிலுவையில் இருந்தால் அதே வகை வேலைக்கு வேறு நிறுவனம் மாறும் உரிமை உண்டு. தனித்தனியே அஞ்சிக் கிடந்தவர்கள் ஒன்றுகூடியபோது கயிறு சற்றே தளர்ந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 365-65 என நிறைவேறியும் சட்டமாகவில்லை. அது மொத்த எண்ணிக்கையை உயர்த்தவில்லை. ஆகவே இந்தியர் முன்னேறினால் பிற நாட்டுத் தொழிலாளர் பின்தள்ளப்படுவர் என்ற நிலை உருவாயிற்று. தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்தும் தீர்வு தீர்வாகாது.

"நாங்கள் படித்தவர்கள், சட்டப்படி சென்றவர்கள்" என்ற பெருமையும் நம்மைக் காக்காது. 2025 பிப்ரவரியில் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரசில் இறக்கப்பட்ட இந்தியர்களுக்காக நமது ஒன்றிய அரசு உரத்துக் குரல் கொடுக்கவில்லை. அவர்களுக்காகப் பேசாத அரசு, விசா வரிசையில் நிற்பவருக்காகவும் பேசாது. நூறாண்டுக்கு முன், 1913இல், பசிபிக் கரையில் கதர் இயக்கத்தைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் மர ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்தவர்கள். அந்த மரபு நமக்கு உண்டு.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் முதலாளியின் தயவின்றித் தாமே மனுச் செய்யும் உரிமை வேண்டும். பெற்றோர் வரிசையில் சேர்ந்த நாளிலேயே குழந்தையின் வயதைக் கணக்கிட வேண்டும். எவரையும் பின்தள்ளாமல் மொத்த எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். அஞ்சாமல் வேலை மாறவும் சங்கம் சேரவும் உரிமை வேண்டும். அது கிடைத்தால், மலிவான உழைப்பைக் காட்டி அமெரிக்கத் தொழிலாளியின் ஊதியத்தை வெட்டுவதும் கடினமாகும். அவருக்கும் நமக்கும் எதிரி ஒருவரே.

தோழர்களே, அங்கிருக்கும் உங்கள் அண்ணனிடமும் அக்காவிடமும் அடுத்த முறை பேசும்போது, தேதி நகர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். உடன் நிற்பவர்களோடு சேர்ந்தீர்களா என்றும் கேளுங்கள்.